யோகோமோ ஒய்.டி.-2: டிரிஃப்ட் பழகத் தொடங்குபவருக்கு ஏற்ற கார்தானா?

ரிமோட் காரில் டிரிஃப்ட், அதாவது பின்சக்கரங்களை வழுக்கவிட்டுப் பக்கவாட்டில் ஓட்டும் கலை, பழக விரும்புபவர் முதலில் எந்தக் காரை வாங்கலாம் என்று கேட்டால், ஜப்பானின் யோகோமோ நிறுவனம் வெளியிட்ட ஒய்.டி.-2 வரிசையின் பிளாஸ்டிக் சேசிஸ் (அடிச்சட்டம்) கொண்ட, பாகங்களாக வரும் அடிப்படைக் கிட்டையே தயங்காமல் சொல்வேன். உண்மையான காரின் பத்தில் ஒரு பங்கு அளவில், பின்சக்கரங்களால் மட்டும் இயங்கும் கார் இது. ஆனால் பெட்டியைத் திறந்த கையோடு ஓட்டிவிடலாம் என்று எண்ணி வாங்கக் கூடாது. மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி., முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ, கார் சுழல்வதை உணரும் கைரோ, ரிமோட், பேட்டரி, சார்ஜர், டயர், மேற்கூடு ஆகியவற்றைத் தனித்தனியே வாங்க வேண்டும். கிட்டுக்கு ஆகும் செலவைவிட இவற்றுக்கு ஆகும் செலவே அதிகம் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்வது நல்லது.

பாகங்களைக் கோத்துக் காரை நாமே உருவாக்க வேண்டியிருப்பதைச் சிலர் குறையாகக் கருதலாம். என் பார்வையில் இதுவே இந்தக் கிட்டின் பெரிய பலம். சஸ்பென்ஷன் கைகளை இணைக்கும் டர்ன்பக்கிள் கம்பிகளில் ஒரு முனை வலப்புரியும் மறுமுனை இடப்புரியுமாக இருப்பதால், கழற்றாமலேயே நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது; சக்கரம் உட்புறம் சாயும் கோணம் அதனால் எப்படி மாறுகிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய் ஊற்றிய பின் பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழ்கள் முழுவதும் வெளியேறும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றையும் தன் கையால் பூட்டியவருக்கு, பின்னர் கார் ஏன் ஒரு பக்கம் இழுக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமாக இருக்காது.

பின்சக்கர இயக்கத்தில் கைரோ மிகவும் முக்கியமானது. காரின் பின்பகுதி விலகும் வேகத்தை உணர்ந்து, நம் விரல் அசைவதற்கு முன்பே முன்சக்கரங்களைக் கார் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்புவது அதுதான். அதைச் சேசிஸில் சமதளமாக, இரட்டைப் பக்க டேப்பால் அசையாமல் ஒட்ட வேண்டும். பிறகு காரைக் கையில் தூக்கி, அதன் பின்பகுதியைச் சட்டென்று வலப்பக்கம் வீசிப் பார்க்க வேண்டும். முன்சக்கரங்களும் வலப்பக்கம் திரும்பினால் அமைப்பு சரி, இடப்பக்கம் திரும்பினால் கைரோவின் திசையை மாற்ற வேண்டும். திசை தவறாக இருப்பதைக் கவனிக்காமல் தரையில் விட்டால், நாம் எவ்வளவு முயன்றாலும் கார் சுழன்றுகொண்டே இருக்கும். கைரோவின் உணர்திறனைக் கூட்டிக்கொண்டே போய், நேர்ப்பாதையில் முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கும் இடத்திலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்துவதே எளிய வழி.

கைரோ அனுப்பும் திருத்தங்கள் இடைவிடாமல் வருவதால், சர்வோ வேகமானதாக இருப்பது அவசியம். 60 பாகை திரும்ப ஏறத்தாழ 0.1 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும் சர்வோவை இதில் பொருத்த வேண்டாம். பணத்தை மிச்சப்படுத்த வேண்டிய இடம் இதுவல்ல. அலுமினியத்தில் கிடைக்கும் பளபளப்பான மாற்றுப் பாகங்களில்தான் மிச்சப்படுத்தலாம், தொடக்க நிலையில் அவற்றால் பெரிய பயன் இல்லை. மோட்டாரைப் பொறுத்தவரை 13.5டி (‘டி’ என்பது கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை) சென்சார் வகை பிரஷ்லெஸ் மோட்டார் போதுமானது; குறைந்த வேகத்திலும் திணறாமல், விரலின் அழுத்தத்துக்கு ஏற்பச் சீராக இயங்கும். இரண்டு செல் கொண்ட 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை, செல்களைச் சமமாக நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர் கொண்டு மட்டுமே, அருகில் ஆள் இருக்கும்போது சார்ஜ் செய்ய வேண்டும்.

ஓட்டிப் பழகும்போது, நடுவில் ஒரு கூம்பை வைத்து அதைச் சுற்றி ஒரே அளவிலான வட்டத்தில் வழுக்கி வருவதே முதல் பாடம். இதில் ஸ்டீயரிங்கைவிட ஆக்ஸிலரேட்டரில் உள்ள விரலுக்கே வேலை அதிகம்: அழுத்தத்தைச் சற்றே குறைத்தால் வட்டம் சுருங்கும், கூட்டினால் விரியும். இரு திசைகளிலும் இது கைவந்த பின்பு எட்டு வடிவத்துக்கு மாறலாம். இந்தப் பயிற்சியில் ஒய்.டி.-2 காட்டும் நிதானம் மனநிறைவு தருகிறது. பிளாஸ்டிக் சேசிஸ் சிறிது வளைந்து கொடுப்பதால், பிடிப்புக் குறைந்த தரையிலும் பின்சக்கரங்கள் திடீரெனக் கைவிடுவதில்லை.

டயர் இங்கே ரப்பர் அல்ல, கடினமான பிளாஸ்டிக். மெருகேற்றிய சிமென்ட் தரைக்கு ஏற்றது கார்பெட்டுக்குச் சரிவராது. தரையில் தூசி படிந்தாலும் பிடிப்பு மாறிவிடும் என்பதால், ஓட்டுவதற்கு முன் தரையைப் பெருக்கி, டயரைத் துணியால் துடைத்துக்கொள்ள வேண்டும். டிரிஃப்ட் களங்கள் பலவற்றில் எல்லோரும் ஒரே வகை டயரையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இருக்கிறது. எனவே எங்கே ஓட்டப்போகிறீர்களோ அங்கே கேட்டறிந்த பின்பே டயரை வாங்குங்கள்.