ஏழு ஆண்டுகளாக ஓடும் டிரைவும், அதன் முன்னால் நாங்கள் வைத்த சோக்கும்

டர்பனின் தென்பகுதியில், ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு மசாலா அரவை ஆலையில் மின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். 2018-இல் மிளகாய் அரைக்கும் இயந்திரத்துக்கு 22 கிலோவாட் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) ஒன்றைப் பொருத்தினோம். முதல் ஆண்டு முழுவதும், காலை 6 மணியை ஒட்டி, சுமை குறைவாக ஓடும் வேளையில், மிகைமின்னழுத்தம் என்று காட்டி அது நின்றுவிடும். வேகம் குறையும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம். டிரைவையே மாற்றியும் பார்த்தோம். புதியதும் அதே நேரத்தில் நின்றபோதுதான் என் பார்வை கருவியை விட்டு, அதற்கு வரும் மின்சாரத்தின் பக்கம் திரும்பியது.

காலையில் ஊரின் மின்தேவை ஏறும்போது, மின்வழங்கல் வலைப்பின்னலில் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய கெப்பாசிட்டர் தொகுதிகள் இணைக்கப்படுவது வழக்கம். இணையும் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் மில்லிவினாடிகளுக்கு எகிறுகிறது. 400 வோல்ட் வழங்கலில், டிரைவுக்குள் ஏ.சி. மின்சாரம் டி.சி.யாக மாறி நிற்கும் பகுதியான டி.சி. பஸ் ஏறத்தாழ 565 வோல்ட்டில் நிற்கும்; இயந்திரத்தில் சுமை இல்லாதபோது அந்த எகிறலை உள்வாங்க எதுவும் இல்லாததால், 800 வோல்ட்டை ஒட்டிய பாதுகாப்பு வரம்பை அது எளிதில் தொட்டுவிடுகிறது. 3 விழுக்காட்டு லைன் சோக் (மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்க்கும் கம்பிச்சுருள்) ஒன்றை டிரைவின் உள்ளீட்டில் வைத்தோம். அன்றிலிருந்து இந்தக் காலைத் தடை ஒருமுறையும் வரவில்லை. சோக் சற்று இரைகிறது, சூடாகிறது, பலகையில் இடத்தையும் பிடிக்கிறது; ஆனாலும் நான் வாங்கச் சொன்னவற்றில் இதைவிடப் பயன்தந்தது வேறில்லை.

வரும் மின்சாரத்தில் இன்னொரு குறையும் இருந்தது. மூன்று ஃபேஸ்களுக்கிடையே 404, 388, 399 வோல்ட் என்று அளந்தபோது, சராசரியிலிருந்து விலகல் 2.3 விழுக்காட்டை எட்டியது. தென்னாப்பிரிக்காவின் மின்தரத்துக்கான விதிமுறையான என்.ஆர்.எஸ். 048-2 வகுக்கும் 2 விழுக்காட்டை அது தாண்டியது. டிரைவில் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் டையோடு பாலம் மின்னழுத்த அலையின் உச்சியில் மட்டுமே மின்னோட்டத்தை இழுப்பதால், இந்தச் சிறு வேறுபாடு மின்னோட்டத்தில் பலமடங்காகத் தெரிந்தது. காரணம் பெரும்பாலும் எங்களுடையதே: பொதி ஒட்டும் சூடேற்றிகள் அனைத்தும் ஒரே ஃபேஸில் இருந்தன. அவற்றைப் பிரித்துப் போட்டோம்.

2023-இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது, மின்சாரம் திரும்பும் முதல் நிமிடத்தில் வந்து வந்து போகும். ஒவ்வொரு வருகையும் டிரைவுக்குள் கெப்பாசிட்டர்களை மின்னேற்றும் ரெசிஸ்டரைச் சூடாக்குவதால், ஃபேஸ்கள் சரியாக இல்லையெனில் இணைப்பைத் துண்டிக்கும் ரிலேயும், இணைப்பைத் தாமதிக்கும் 3 நிமிடத் தாமத ரிலேயும் சேர்த்தோம்.

இதுவரை டிரைவின் மின்விசிறியை ஒருமுறை மாற்றியிருக்கிறோம். டி.சி. கெப்பாசிட்டர்கள் பழையவையே; டர்பன் கோடையின் வெப்பத்தை எண்ணி, அடுத்த டிசம்பர் விடுமுறையில் அவற்றையும் மாற்றப் போகிறோம்.