ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்டா, திடக்கழிவு மேலாண்மையா?

சிவில் இன்ஜினியரிங் மாணவர்களிடம் எலெக்டிவ் (விருப்பப் பாட) பட்டியல் வந்தால் கடைசியில் போட்டி பெரும்பாலும் ஒரு ப்ராப்ளம் பேப்பருக்கும் ஒரு தியரி பேப்பருக்கும்தான். எங்கள் வகுப்பில் ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட்டும் (உள்ளே எஃகுக் கம்பியை இழுத்துப் பூட்டி முன்கூட்டியே அழுத்தம் கொடுத்த கான்கிரீட்) திடக்கழிவு மேலாண்மையும் நின்றன. நான் எடுத்தது முதலாவது. ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

மார்க் வாங்க எது சுலபம் என்பதில் பேச்சே இல்லை, தியரி பேப்பர்தான். முதுகலைச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வை வைத்தும் முடிவெடுக்க முடியாது. இரண்டுமே அதன் பாடத்திட்டத்தில் உண்டு.

நான் பார்த்தது ஒன்றைத்தான். பின்னால் தேவைப்பட்டால் எதை ஆசிரியர் இல்லாமல் படித்துக்கொள்ள முடியும்? திடக்கழிவைத் தாராளமாக முடியும். திடக்கழிவு விதிகள் குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொல்வது ஏன், குப்பை மேட்டிலிருந்து கசியும் நீர் நிலத்தடி நீரை எப்படிக் கெடுக்கிறது, சென்னைப் பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்தது எதற்கு எல்லாம் பொறுமையாக வாசித்தாலே பிடிபடும்.

ப்ரீஸ்ட்ரெஸ்டு அப்படி இல்லை. கம்பியை இழுத்து வைத்த விசை அப்படியே நிற்காது. கான்கிரீட் சுருங்கும், நாளாக ஆகத் தளரும், கம்பியும் தொய்யும், உராய்விலும் ஆங்கரேஜ் (கம்பி முனையைப் பிடிக்கும் பூட்டு) நழுவலிலும் கொஞ்சம் போகும். இழப்புகளில் எலாஸ்டிக் ஷார்ட்டனிங்கை, அதாவது விசை ஏறியதும் கான்கிரீட் உடனே குறுகுவதால் வருவதை, மட்டும் பாருங்கள். மாடுலர் ரேஷியோ (எஃகு, கான்கிரீட் இரண்டின் மீள்தன்மைக் குணக விகிதம்) 6, கம்பி மட்டத்தில் கான்கிரீட்டின் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 10 நியூட்டன் என்றால் இழப்பு 60. வெறும் பெருக்கல்தான். ஆனால் அந்த 10-ஐக் கம்பி மட்டத்தில் எடுக்காமல் பீமின் அடிமட்டத்தில் எடுத்துவிட்டுத் தொடர்ந்து போட்டுக்கொண்டே போவோம். விடையும் பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். போஸ்ட் டென்ஷனிங்கில் (கான்கிரீட் இறுகிய பிறகு கம்பியை இழுக்கும் முறையில்) இன்னொரு குழி: எல்லா கேபிளையும் ஒரே நேரத்தில் இழுத்தால் இந்த இழப்பே கிடையாது. ஒவ்வொன்றாக இழுத்தால் முதல் கேபிளுக்கு அதிகம், கடைசிக்கு ஒன்றுமில்லை. நம் தாளைப் பார்த்து 'இங்கே ஏன் இதைப் போட்டாய்?' என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். வேலைக்குப் போன பிறகு அந்த ஆள் லேசில் கிடைக்கமாட்டார்.

வேலையில் சேர்ந்து, பாலத்துக்கான பீம்கள் வார்க்கும் கர்டர் யார்டில் நின்றபோது இதன் அருமை தெரிந்தது. கேபிளை இழுக்கும் ஜாக்கின் பிரஷர் கேஜ் சரியாகக் காட்டும், கேபிளின் நீட்சி மட்டும் கணக்கோடு ஒட்டாது. கேஜை நம்பி அப்படியே பூட்டிவிடுவதா, நிறுத்திக் காரணம் தேடுவதா என்று சொல்ல அந்தப் பழைய உராய்வுக் கணக்குதான் கைகொடுத்தது.

சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களிலோ உள்ளாட்சிப் பணியிலோ போக நினைப்பவருக்கு இந்தத் தராசு மாறலாம். அந்தப் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை, என் பேச்சை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெயர் கொடுக்கும் முன் சீனியர் ஒருவரின் ப்ரீஸ்ட்ரெஸ்டு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். இழப்புக் கணக்குகள் படிப்படியாகப் போட்டிருந்தால் யோசிக்காமல் சேருங்கள். வரையறைகளும் நன்மை தீமைகளும் மட்டுமே இருந்தால் திடக்கழிவையே எடுத்துவிடுங்கள், மார்க்காவது மிஞ்சும்.