ரெண்டு டிகிரி, ஒரே உதவித்தொகை: எந்தச் சேவை கைகொடுக்கிறது?

ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. அனுமதித்தது 2022 ஏப்ரலில். வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரில் படிக்கலாம். ஒன்றை நேரிலும் மற்றதைத் தொலைநிலையிலும் படிக்கலாம். இரண்டுமே தொலைநிலை என்றாலும் சரி. பிஎச்.டி.க்கு மட்டும் இது பொருந்தாது. படிக்க வழி திறந்தார்களே தவிர, உதவித்தொகைத் திட்டங்கள் எல்லாம் இன்னும் 'ஒரு மாணவர், ஒரு கல்லூரி' கணக்கில்தான் ஓடுகின்றன. ராமநாதபுரம் கடலோரத்தில் கீழக்கரை, தொண்டி, தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் பகலில் ஒரு கல்லூரி, கூடவே தொலைநிலையில் இன்னொன்று என்று சேருமுன் நான்கு சேவைகளில் எதை நம்பலாம் என்று பார்ப்போம்.

நான்கில் முதலிடம் தமிழக அரசின் புதுமைப் பெண் (மாணவிகளுக்கு), தமிழ்ப் புதல்வன் (மாணவர்களுக்கு) இரண்டுக்கும்தான். மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. இந்த ஒன்றுக்காகவே இதை மெச்சலாம். ஆனால் தொலைநிலைப் படிப்புக்குக் கிடையாது. அதனால் பகல் கல்லூரியில் சேர்ந்து, அதன் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்களாக இணையத்தில் போட முடியாது. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் யுமிஸ் என்ற அரசின் கல்லூரி மாணவர் தகவல் தளத்தில் ஏற்றுவார். அவரிடம் எமிஸ் எண் (பள்ளியில் கொடுத்த மாணவர் எண்), ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். இரண்டாவது படிப்பைப் பிடித்துக்கொண்டு பகல் கல்லூரியை விட்டால் அந்த 1,000 ரூபாயும் அன்றோடு நிற்கும்.

தகுதி இருந்தும் பணம் வராத பலருக்கு இடறுவது வங்கியில்தான். கிளையில் ஆதார் நகல் கொடுத்தது கே.ஒய்.சி.க்கு, அது ஆதார் லிங்க் ஆகாது. மானியப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போய் விழும். பிளஸ் டூவில் ஒரு வங்கி, கல்லூரி சேர்ந்ததும் இன்னொரு வங்கி என்று தொடங்கியவர்கள், 'பணம் வரவில்லை' என்று தேடுகிற தொகை பழைய கணக்கில் கிடக்கும். மைஆதார் தளத்தில் ஆதார் எண், ஓ.டி.பி. போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பாருங்கள். வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்ற சொல்லும் தெரிய வேண்டும். வேறு வங்கி பெயர் இருந்தால், வேண்டிய கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுங்கள். பக்கத்தில் கிளை இல்லாத ஊர்க்காரர்களுக்குத் தபால் நிலையத்தில் தொடங்கும் அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு தோது.

அடுத்து தேசிய உதவித்தொகைத் தளம், என்.எஸ்.பி. தொகை பெரிது, கெடுபிடியும் பெரிது. பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள். தொலைநிலை இதிலும் செல்லாது, வேறு உதவித்தொகையும் வாங்கக் கூடாது. புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண், 75 சதவீத வருகை. ஆக, இரண்டாவது பட்டத்துக்காகப் பகல் வகுப்பை மட்டம் போடுவது நேராகப் பணத்தில் கை வைக்கும்.

என்.எஸ்.பி.யில் முதலில் ஓ.டி.ஆர். எனும் ஒருமுறைப் பதிவு எண் எடுக்க வேண்டும், ஆயுளுக்கு ஒன்றுதான். செல்போனில் முகத்தைக் காட்டி உறுதிசெய்கிற படி ஒன்று உண்டு, வெளிச்சமான இடத்தில் நின்று செய்யுங்கள். பெயர் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் பக்கத்தில் முகமது என்ற ஒரே பெயருக்கு ஆங்கிலத்தில் மூன்று எழுத்துக்கூட்டல். அந்தோணிக்கும் அதே கதை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை இரண்டே முறைதான் மாற்றலாம், ஆகவே இனிஷியலையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, தொலைநிலையில் பட்டம் தரும் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்). இதன் கட்டண விலக்கு எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு நல்ல சலுகை. இரண்டாவது பட்டத்துக்கு உருப்படியான உதவி என்றால் இதுதான். ஒரு பொறி உண்டு: ஒரே சேர்க்கைப் பருவத்தில் இரண்டு படிப்புக்கு விலக்குக் கேட்டால் ஒன்றைத் தள்ளி ஒன்றை ஏற்பதில்லை, இரண்டையும் தள்ளிவிடுவார்கள். மற்ற பிரிவினர் இரண்டாவது கட்டணத்தைக் கைக்காசில்தான் கட்டியாக வேண்டும். இக்னோவின் டிசம்பர்த் தேர்வு, பகல் கல்லூரியின் நவம்பர், டிசம்பர் செமஸ்டரோடு முட்டும். கால அட்டவணை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே தேர்வுக் கட்டணம் கட்டுங்கள். அசல் டி.சி. பகல் கல்லூரியிடம் இருக்கும். தொலைநிலை நிறுவனம் அசலைக் கேட்டால், பகல் கல்லூரியில் படிப்பதற்கான போனஃபைட் சான்று வாங்கிக் காட்டிப் பேசுங்கள், டி.சி.யைத் திரும்ப வாங்கினால் பகல் சேர்க்கையே போய்விடும்.

நான்காவது, சான்றுகளுக்கு விண்ணப்பிக்கும் இ-சேவை மையம், பரவாயில்லை ரகம். வருமானச் சான்றுக்கு 60 ரூபாய். ரசீது கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் கேட்கும் பிரவுசிங் சென்டரில் கேன் எண்ணும் (இ-சேவையில் உங்களுக்கான பதிவு எண்), ஓ.டி.பி. வரும் செல்போன் எண்ணும் உங்களுடையதாகத்தான் பதிவாகிறதா என்று திரையில் பாருங்கள். கடைக்காரர் எண்ணைப் போட்டுவிட்டால் விண்ணப்பத்தை வி.ஏ.ஓ. திருப்பி அனுப்பிய தகவல்கூட உங்களுக்கு வராது. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும், ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எடுக்க வேண்டும்.

கடைசியாகக் காலக்கணக்கு. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் காசு வறளும் அதே நாட்களில்தான் பகல் கல்லூரிச் சேர்க்கையும் வருகிறது. இரண்டாவது பட்டத்தையும் அப்போதே தொடங்க வேண்டியதில்லை. இக்னோவில் ஜனவரிப் பருவமும் உண்டு. படகு ஓடுகிற மாதங்களில் சேர்த்துவைத்து அப்போது கட்டலாம். அதற்குள் முதல் செமஸ்டர் வருகைப் பதிவும் கையில் இருக்கும், யுமிஸ் வழியாக முதல் 1,000 ரூபாய் எந்தக் கணக்கில் விழுந்தது என்பதும் தெரிந்திருக்கும்.