கசாக் ஆசிட் கிணறா, கனடா ஐஸ் சுரங்கமா? நாளைக்கு அணு உலைக்கு யுரேனியம் யாரை நம்பி வாங்குறது

2022ல உலகம் முழுக்க தோண்டுன யுரேனியம் சுமார் 49,000 டன், 2024ல அது 60,000 டன்னை தொட்டுடுச்சு. ரெண்டு வருஷத்துல நல்ல ஏத்தம்தான். ஆனா இப்ப ஓடுற 440 சொச்சம் ரியாக்டருக்கே வருஷத்துக்கு 65,000 டன்னுக்கு மேல வேணும், துண்டு விழுறதை பழைய ஸ்டாக்க வச்சுதான் சமாளிக்கிறாங்க, இதுல 2023 துபாய் பருவநிலை மாநாட்டுல 20க்கு மேல நாடுங்க சேர்ந்து 2050க்குள்ள அணுமின் திறனை மூணு மடங்கு ஆக்குவோம்னு வேற சொல்லியிருக்காங்க. அதுக்கு எரிபொருள் எங்கருந்து வரும்? உலக உற்பத்தில பத்துல ஆறு பங்கு ரெண்டே நாட்டுலருந்துதான் வருது, கஜகஸ்தான், கனடா. ரெண்டும் யுரேனியம் எடுக்குற விதத்துல வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம், அதனால பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம்.

கஜகஸ்தான்ல நாம நினைக்கிற மாதிரி சுரங்கமே கிடையாது. தெற்குப் பக்கம் துர்கிஸ்தான், கிசிலோர்தா ஏரியாவுல காஞ்சு கிடக்குற வெட்டவெளில வரிசையா போர்வெல் போட்டு, பூமிக்கடியில இருக்குற மணற்பாறைக்குள்ள சல்ஃப்யூரிக் ஆசிட் கலந்த தண்ணிய இறக்குறாங்க, அது யுரேனியத்தை கரைச்சுக்கிட்டு பக்கத்து கிணறு வழியா மேல வருது, மேல அதை வடிகட்டி பிரிச்சு எடுத்துக்கிறாங்க. ஆளு உள்ள இறங்க வேணாம், மலைய உடைக்க வேணாம். தாதுல யுரேனியம் ஒரு சதவீதத்துல பத்துல ஒரு பங்கு கூட இல்லாத இடத்துலயும் லாபம் பார்க்க முடியுதுன்னா இந்த முறைதான் காரணம். 2009லருந்து இவங்கதான் உலகத்துல நம்பர் ஒன், 2024ல மட்டும் 23,000 டன்னுக்கு மேல.

கனடா கதை நேர் எதிர். சஸ்காச்சுவான் மாநிலத்து வடக்குல அதபாஸ்கா படுகைன்னு ஒரு இடம், அங்க சிகார் லேக் சுரங்கத்துல தாதுல யுரேனியம் ஆக்சைடு 15 சதவீதம் பக்கம் இருக்கு, கசாக் மண்ணோட ஒப்பிட்டா நூறு மடங்குக்கும் மேல. ஆனா அது 400 மீட்டருக்கு கீழ, தண்ணி ஊறுன பாறைக்கு நடுவுல இருக்கு. சும்மா தோண்டுனா தண்ணி உள்ள பாஞ்சுடும், 2006லயும் 2008லயும் அப்படித்தான் பாஞ்சு மூழ்கிப் போச்சு. அதனால குழாய் இறக்கி குளிரூட்டுன உப்புத் தண்ணிய ஓட்டி நிலத்தையே ஐஸ் கட்டி ஆக்கிட்டு, அப்புறம் அசுர வேகத்துல தண்ணிய பீய்ச்சி அடிச்சு தாதுவ அறுத்து கூழாக்கி மேல ஏத்துறாங்க. கதிர்வீச்சு பலமா இருக்குறதால தாதுக்கு பக்கத்துல யாரும் போறதில்ல, எல்லாம் மெஷின். மனுஷன் செஞ்ச சுரங்க வேலைகள்லயே இவ்ளோ நுணுக்கமானது கொஞ்சம்தான் இருக்கும், எனக்கு இதை படிக்க படிக்க பிரமிப்புதான்.

விலைன்னு பார்த்தா கஜகஸ்தான்தான் முன்னாடி, அதுல சண்டையே இல்ல. 2007ல ஒரு பவுண்டு (அரை கிலோவுக்கு கொஞ்சம் கம்மி) 130 டாலரை தாண்டுன யுரேனியம் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் சரிஞ்சு சரிஞ்சு 2016 கடைசில 20 டாலருக்கு கீழ போச்சு. அப்ப கனடாவோட மெக்ஆர்தர் ரிவர் தாக்குப்பிடிக்க முடியாம 2018ல மூடிட்டாங்க, உலகத்துலயே பெரிய பணக்கார சுரங்கம் அது, திரும்ப தாது எடுக்க 2022 கடைசி ஆயிடுச்சு. கஜகஸ்தானும் உற்பத்திய குறைச்சாங்க, ஆனா கிணறு ஓடிட்டேதான் இருந்துச்சு. தாது எவ்ளோ அடர்த்தின்னு மட்டும் பேசுறவங்க இதை யோசிக்கணும்.

சரி அப்ப கஜகஸ்தானையே நம்பி உக்காந்துடலாமா? எனக்கு அங்கதான் பயம். ஒரு கிலோ யுரேனியத்துக்கு அவங்களுக்கு 70, 80 கிலோ ஆசிட் வேணும். அதே ஆசிட்டுக்கு உரத் தொழிற்சாலைங்களும் போட்டி. 2024 ஜனவரில கசாட்டோம்ப்ரோம்ங்கிற கஜகஸ்தான் அரசு யுரேனியம் கம்பெனி ஆசிட் தட்டுப்பாடு, சொன்ன அளவு எடுக்க முடியாதுன்னு சொன்னாங்க, அந்த மாசமே விலை 100 டாலரை தாண்டிப் போச்சு. இப்ப வருஷத்துக்கு 8 லட்சம் டன் ஆசிட் தயாரிக்க சொந்தமா ஃபேக்டரி போடுறாங்க, நல்லதுதான், ஆனா வந்து சேரணும். 2025 ஆரம்பத்துல இன்காய்ங்கிற கசாக் யுரேனியம் கிணத்துப் பகுதில ஒரு அனுமதிப் பேப்பர் நேரத்துக்கு வரலைன்னு சில வாரம் உற்பத்தியே நின்னுச்சு. எடுத்தாலும் கொண்டு போகணுமே, கடல் இல்லாத நாடு, காலங்காலமா ரஷ்யா வழியா செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்தான் கப்பல் ஏறும், உக்ரைன் போருக்கு அப்புறம் காஸ்பியன் கடல் தாண்டி அசர்பைஜான், ஜார்ஜியான்னு சுத்தி அனுப்புறதும் கூடிப்போச்சு. ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் அங்க பல கிணறுல பங்கு இருக்கு, உற்பத்தி ஏறுதுன்னு கேட்டு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஏறுற டன் எந்தப் பக்கம் போகுதுன்னும் பார்க்கணும்.

தண்ணி விஷயத்துல ரெண்டு பேரும் சுத்தம் கிடையாது. கஜகஸ்தான்ல ஆசிட் இறங்குறது நிலத்தடி நீர் இருக்குற அடுக்குலயே, வேலை முடிஞ்சதும் அது காலப்போக்குல தானா சரியாகும்னு விட்டுடுறதுதான் அங்க வழக்கம், அதை என்னால ஏத்துக்க முடியல. கனடால அதபாஸ்கா ஏரிக்கரைல கன்னர் சுரங்கம் 1960கள்ல மூடுனது, அந்தக் கழிவை இன்னும் சுத்தம் பண்றாங்க, அந்த ஏரியை நம்பி வாழுற டெனே பழங்குடி மக்கள் அதை மறக்கல. இப்ப அங்க விதிமுறை எவ்வளவோ கடுமை, புது சுரங்கத்துக்கு அந்த மக்கள்கிட்டயும் பேசணும், ரெகுலேட்டர் விசாரணையும் தாண்டணும். நேரம் ஆகுதுன்னு கம்பெனிக்காரங்க புலம்புவாங்க, ஆகட்டும்.

நம்ம ஊர் கணக்கையும் சொல்லிடுறேன். கூடங்குளத்துக்கு வேண்டிய செறிவூட்டுன எரிபொருள் ரஷ்யாலருந்து வருது. கல்பாக்கத்துல இருக்குற பழைய ரெண்டு யூனிட் சர்வதேச கண்காணிப்புக்கு வெளிய இருக்குறதால அதுக்கு உள்நாட்டு யுரேனியம்தான். ராவத்பாட்டா, காக்ராபார் மாதிரி கண்காணிப்புக்குள்ள இருக்குற உலைகளுக்குத்தான் வெளிநாட்டு யுரேனியம், அதுக்கு இந்தியா கஜகஸ்தான்கிட்டயும் வாங்கியிருக்கு, 1974 பொக்ரானுக்கு அப்புறம் கதவை சாத்துன அதே கனடாகிட்டயும் 2015ல சுமார் 3,000 டன்னுக்கு ஒப்பந்தம் போட்டிருக்கு.

எனக்கு கனடா பக்கம்தான் மனசு சாயுது, காரணம் இதுதான். ஒரு யூனிட் அணு மின்சாரம் தயாரிக்கிற செலவுல யுரேனியத்தோட பங்கு ரொம்ப சின்னது, பெருசு எல்லாம் உலை கட்டுற செலவும் வட்டியும். கேஸ் விலை ரெட்டிப்பானா கேஸ் மின்சாரம் எகிறிடும், யுரேனியம் விலை ரெட்டிப்பானா அணு மின்சாரம் விலை கொஞ்சம்தான் நகரும். அப்ப பவுண்டுக்கு பத்து டாலர் கூட குடுத்தாவது சொன்ன வருஷத்துல சரக்கு வந்து சேர்ற இடத்துல வாங்குறதுதான் புத்தி. அடுத்த பத்து வருஷத்துக்கு கசாக் கிணறு இல்லாம உலகம் ஓடாது, அதுல மாத்துக்கருத்து இல்ல, ஆனா 60 வருஷம் ஓடப்போற உலையக் கட்டுறவங்க அதோட நிறுத்தக்கூடாது.

ஆனா கனடாகிட்ட போறவங்க இன்னைக்கே போகணும். சிகார் லேக் தாதுவ கண்டுபிடிச்சது 1981, முதல் தாது மேல வந்தது 2014. 33 வருஷம்! அதே அதபாஸ்கால நெக்ஸ்ஜென் கம்பெனி 2014ல கண்டுபிடிச்ச ஆரோங்கிற தாது இடமும், விசாரணை அனுமதின்னே பத்து வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. எனக்கு ரொம்ப ஆர்வமா இருக்குறது டெனிசன் கம்பெனியோட ஃபீனிக்ஸ் திட்டம்தான், அதே அதபாஸ்கா பணக்கார தாது, ஆனா எடுக்கப்போறது கசாக் ஸ்டைல்ல, சுத்தி நிலத்தை உறையவச்சு ஐஸ் சுவரு எழுப்பிட்டு நடுவுல போர்வெல் போட்டு ஆசிட்ல கரைக்கிறது.