பிஎச்டி டேட்டா அனாலிசிஸ் 'பேக்கேஜ்': 38,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

அரசுப் பல்கலைக்கழகத்துல உளவியல் பிஎச்டி பண்றவங்க, முக்கியமா வேலை பாத்துக்கிட்டே பார்ட் டைம்ல பதிவு பண்ணவங்க, இதைப் படிச்சிட்டுப் போங்க. யுனிவர்சிட்டி வாசல் எதிர்ல, ஜெராக்ஸ் கடை மாடியில இருக்கிற 'தீசிஸ் சப்போர்ட்' சென்டர் ஒண்ணு. எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் சாஃப்ட்வேர்) அனாலிசிஸுக்கு 23,500, ஸ்கோபஸ்ங்கிற சர்வதேச ஆய்வுத் தரவுத்தளத்துல இருக்கிற ஜர்னல்ல கட்டுரை வர வைக்க 15,000. மொத்தம் 38,500 ரூபாய், முழுசா முன்பணம்.

நம்ப வெச்சது ஒரே ஒரு கேள்வி. மன அழுத்த அளவுகோல் பிஎஸ்எஸ்னு சொன்னதும், அந்த ஆள் "பத்து ஐட்டமா, பதினாலா மேடம்?"னு கேட்டான். துறைக்குள்ள இருக்கிறவங்க மட்டும் கேக்கிற கேள்வி அது. கேள்வியை மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான்னு ரிசல்ட் வந்தப்புறம்தான் தெரிஞ்சது.

பிஎஸ்எஸ்-10ல, அதாவது பத்துக் கேள்வி இருக்கிற வடிவத்துல, 4, 5, 7, 8 நாலும் நேர்மறைக் கேள்விகள். கூட்டறதுக்கு முன்னாடி மதிப்பெண்ணைத் திருப்பணும்: 0 இருந்தா 4, 1 இருந்தா 3. இவனுங்க திருப்பவே இல்ல. க்ரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு காட்டுற எண், 1-ஐ நெருங்கினா நல்லது) 0.34ன்னு அட்டவணை வருது! அதே டேட்டாவை ஜமோவிங்கிற இன்னொரு புள்ளியியல் சாஃப்ட்வேர்ல போட்டு நாலையும் திருப்பினா 0.81. 0.34ஐ வெச்சுக்கிட்டு கோரிலேஷன், ரிக்ரெஷன், மீடியேஷன்னு பக்கம் பக்கமா போட்டிருக்கான். அத்தனையும் குப்பை. பி மதிப்பு (உண்மையில தொடர்பே இல்லாட்டியும் இப்படி ரிசல்ட் வர எவ்வளவு வாய்ப்புன்னு காட்டுற எண்) எல்லா இடத்துலயும் '0.000'. 0.001-க்குக் கீழன்னு எழுதணும்கிறது முதுகலை மாணவருக்கே தெரியும்.

இதுகூடப் பரவாயில்ல. கொடுத்தது 287 பேரோட விடை. திரும்பி வந்த ஃபைல்ல 312 வரிசை! 288-லிருந்து கடைசி வரை, மேல இருக்கிற 25 பேரோட விடையை அப்படியே காப்பி அடிச்சு, வயசுல மட்டும் ஒண்ணு கூட்டி வெச்சிருக்கான். கையில இருக்கிற ஒப்புதல் படிவம் 287தான். வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) மூலத் தரவைக் கொண்டு வான்னு சொன்னா, மாட்டறது சென்டர்காரன் இல்ல, ஸ்காலர்தான்.

கேட்டதுக்கு வந்த பதில்களைப் பாருங்க. "300 இருந்தாத்தான் கைடு ஒத்துக்குவாங்க, உங்க நல்லதுக்குத்தான் செஞ்சோம்." "ஆல்ஃபா கம்மியா வந்தா உங்க சாம்பிள் சரியில்ல." "டெக்னிக்கல் டீம் பாத்துட்டு இருக்காங்க." கடைசியா "சார் வெளியூர்ல இருக்கார்." அதுக்கப்புறம் வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் கூட விழல. 38,500 வாங்குறப்ப மட்டும் ராத்திரி பதினோரு மணிக்கு போன் வருது.

ஜர்னல் கதை இன்னும் கேவலம். ஜர்னலோட அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டா ஸ்கோபஸ் பட்டியல்ல ஜர்னல் வருது, சரி. ஆனா அசல் பதிப்பாளரோட இணையதளம் வேற, கட்டுரை போட்ட தளம் வேற. பேரையும் எண்ணையும் திருடி நடத்துற குளோன் ஜர்னல். மதிப்புரைன்னு வந்தது "நல்லா இருக்கு, ஏத்துக்கலாம்"னு ரெண்டு வரி.

இவனுங்க தூண்டிலே "கட்டுரை இல்லாம தீசிஸ் சப்மிட் பண்ண முடியாது"ங்கிற பயம்தான். யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிமுறையில அந்தக் கட்டாயத்தை எடுத்தாச்சு. உங்க பல்கலைக்கழகம் தனியா விதி வெச்சிருக்கலாம், அதை ரிசர்ச் செக்‌ஷன்ல எழுத்துல கேட்டு வாங்குங்க. 'யுஜிசி கேர் அப்ரூவ்டு'ன்னு போர்டு இன்னும் தொங்குது. கேர்ங்கிறது யுஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட பட்டியல், அந்தப் பட்டியலையே யுஜிசி 2025ல கைவிட்டாச்சு!

எப்படித் தப்பிக்கிறதுன்னு படிப்படியா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல ஓடல. அவசரத்துக்கு இதுங்க. ஜமோவி, ஜாஸ்ப் ரெண்டும் இலவசம், பிஎச்டி அளவு அனாலிசிஸுக்கு நிறையப் பேருக்கு இதுவே போதும். வெளியில கொடுத்தே ஆகணும்னா சின்டாக்ஸ் ஃபைல் (அனாலிசிஸ் பண்ணின கட்டளைகள் இருக்கிற ஃபைல்) தருவியான்னு முதல்ல கேளுங்க, முழிச்சா எழுந்து வந்துடுங்க. திரும்பி வர்ற ஃபைல்ல முதல்ல வரிசையை எண்ணுங்க. ஜர்னல் லிங்க்கை ஏஜென்ட்கிட்ட வாங்காதீங்க, ஸ்கோபஸ்ல அந்த ஜர்னலோட சமீபத்திய கட்டுரைகளைத் திறந்து அங்கிருந்து தளத்துக்குப் போங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம, தனி ஆள் பேர்ல இருக்கிற ஜிபே நம்பருக்கு ஒரு ரூபாய் கூட அனுப்பாதீங்க. என் 38,500 போனது அப்படி ஒரு நம்பருக்குத்தான். சைபர் குற்ற உதவி எண் 1930ல புகார் கொடுத்தாச்சு. போர்டு இன்னும் அங்கேயேதான் இருக்கு, அட்மிஷன் சீசனுக்குப் புது பெயின்ட்டோட.