பாதி பிட் படுத்திய பாடு

காலேஜ் நண்பன் போன வாரம் போனில் கேட்டான். "நீ வேலை செய்ற ஹெச்எல்எஸ் டூல்ல பிட் அகலத்தைத் தானாவே குறைக்கிற வசதி இருக்காமே, அதுக்குத் தனியா லைசன்ஸ் காசு கொடுக்கலாமாடா?" அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் நாகரிகமாக இங்கே எழுதுகிறேன். ஹெச்எல்எஸ் டூல் என்றால் சி பிளஸ் பிளஸ் கோடைச் சிப்புக்கான சர்க்யூட்டாக மாற்றித் தரும் மென்பொருள். டூலின் பெயர் வேண்டாம். மூன்று வருஷமாக எனக்கு அதில்தான் சோறு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சி பிளஸ் பிளஸ்ஸில் ஃப்ளோட்டாக (தசம எண்களாக) எழுதிய, சிக்னலை வடிகட்டுகிற ஃபில்டரைக் கொடுத்து, இரைச்சல் இதற்கு மேல் போகக் கூடாது என்றால், எந்த வேரியபிளுக்கு எத்தனை பிட் போதும் என்று அதுவே தேடிக் கொடுக்கும். எங்கள் எஃப்பிஜிஏவில் (உள்ளே இருக்கிற சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கக்கூடிய சிப்) ஒரு டிஎஸ்பி பிளாக்கின், அதாவது பெருக்கலுக்கென்றே இருக்கிற கட்டத்தின், பெருக்கி 25-க்கு 18 பிட். நான் பயந்துகொண்டு, 18 பிட் பக்கம் போகிற கோஎஃபிஷியன்ட் (சிக்னலைப் பெருக்குகிற நிலையான எண்) எல்லாவற்றுக்கும் 20 பிட் வைத்திருந்தேன். ஒவ்வொரு பெருக்கலும் இரண்டு பிளாக்கை விழுங்கியது. டூல் 18 போதும் என்றது, பாதி பிளாக் மிச்சம். கையால் ஒவ்வொன்றாகக் குறைத்துக் குறைத்து சிமுலேஷன் ஓட்டியிருந்தால் ஒரு மாதம் போயிருக்கும்.

இனி வயிற்றெரிச்சல். குறைத்த பிட்டுகளில் இருந்ததை என்ன செய்வது? நாம் எதுவும் சொல்லாவிட்டால் இந்த டூல் ரவுண்ட் செய்யாது, வெட்டி எறிந்துவிடும். டூஸ் காம்ப்ளிமென்ட்டில் (சிப்பில் மைனஸ் எண்ணை எழுதுகிற வழக்கமான முறை) வெட்டினால் எண் எப்போதும் கீழேதான் இறங்கும்: 2.7 என்பது 2 ஆகும், மைனஸ் 2.3 என்பது மைனஸ் 3 ஆகும். சராசரியாகக் கடைசி பிட்டில் பாதி, ஒவ்வொரு தடவையும், ஒரே பக்கமாக. விடை திரும்ப உள்ளே வராத ஃபில்டரில் இது கண்ணில் படாது. எங்களுடையதோ, முந்தைய விடையில் 1024-ல் ஒரு பங்கைக் கழித்துப் புது உள்ளீட்டைக் கூட்டி, வந்த விடையை வெட்டி வைக்கிற சுற்று. அதில் அந்தப் பாதி 1024 மடங்காகி, சராசரியாக 512 படி (ஒரு படி என்பது கடைசி பிட்டின் மதிப்பு) கீழே போய் உட்கார்ந்துகொண்டது. போர்டில் பூஜ்ஜியம் பூஜ்ஜியமாக இல்லை. அனலாக் பக்கம்தான் கோளாறு என்று ஒரு வாரம் ரெசிஸ்டர் மாற்றிக்கொண்டிருந்தோம். (அனலாக்காரரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.)

சரி, என் தப்பும் இருக்கிறது. நான் கொடுத்த சோதனை சிக்னல் வெறும் 200 சாம்பிள். அதற்குள் அந்தச் சரிவில் ஐந்தில் ஒரு பங்குகூட வந்திருக்காது. ஆனாலும் வெட்டுவதற்கு முன்னால் அரைப் படி கூட்டினால் தீர்ந்துபோகும் விஷயம் இது. "சுற்றுக்குள் வெட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள்" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி போட என்ன கேடு? மூன்று வெர்ஷன் வந்தாகிவிட்டது, அந்த வரி வரவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டிலும் ரவுண்டிங்கை நான்தான் கையால் எழுதுகிறேன்.

நண்பனிடம் வாங்காதே என்றேன். "அப்போ நீ?" என்றான். எங்கள் லைசன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி நேற்றே மெயில் போட்டுவிட்டேன்.