பிறையில் டோ பார் போடப் போகிறவர்கள் கவனத்திற்கு

பிக்கப்புக்குப் பின்னால் கேரவன் (இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசைப்படும் பினாங்கு நண்பர்கள், யாருக்காவது முன்பணம் கட்டுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். பிறையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் டோ பார் (கேரவனை இழுக்க வண்டியின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டம்), டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலர் (பின்னால் வரும் டிரெய்லரின், அதாவது கேரவனின், பிரேக்கை இயக்கும் பெட்டி), வயரிங் எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளி கொடுத்தேன். பிரேக் வேலை செய்யவில்லை, பார் போலி, கேரவனை மாட்டும் இரும்புப் பந்தின் அளவு தவறு. கடைப் பெயரைப் போட மாட்டேன். விஷயம் பயனீட்டாளர் டிரிபியூனலுக்குப் போயிருக்கிறது.

கடைக்காரர் நம்ம ஆள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர், பேச்சு அவ்வளவு இனிமை. "அண்ணே, உங்க வண்டி 3,500 கிலோ இழுக்கும். உங்க கேரவன் 1,600 கிலோதானே, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றார். பார் பொருத்தியதும் அதில் "3,500 கிலோ" என்று பொறித்த தகட்டைக் கைவிளக்கு அடித்துக் காட்டினார். டாஷ்போர்டுக்குக் கீழே கண்ட்ரோலர் பெட்டி, அதில் பச்சை விளக்கு. பார்க்க எல்லாம் கச்சிதம்.

அந்த 3,500 கிலோ கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பனை முழுக்க அதை வைத்துத்தான் நடக்கிறது. ரேஞ்சர், ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன் மாதிரி வண்டிகளுக்குச் சில நாடுகளில், சில மாடல்களில் அந்த எண் உண்மைதான். ஆனால் அது டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்து, அது வேலையும் செய்தால் மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு இதே வண்டிகளின் வரம்பு பெரும்பாலும் 750 கிலோ. இன்னொன்று, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனி வரம்பு உண்டு. உதாரணத்துக்கு அது 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் 3,500 போனால் வண்டிக்கு மிச்சம் 2,500. வெறும் வண்டியே 2,200 கிலோ இருக்கும். மீதி 300 கிலோவில் ஓட்டுநர், மனைவி, பிள்ளைகள், மாமியார், கூடாரம், கேஸ் தோம்பு, ஐஸ் பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் கடைக்காரரும் போட்டுக் காட்ட மாட்டார். உங்கள் வண்டிக்கான எண்கள் அதன் கையேட்டில் இருக்கும், அதைப் பாருங்கள். வெளிநாட்டு யூடியூப்காரர் சொல்லும் எண் உங்கள் வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை.

சரி, நடந்ததுக்கு வருகிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து ஈப்போவுக்குக் கிளம்பினோம். கோலகங்சார் வரை ஒரு குறையும் தெரியவில்லை. மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டி ஈப்போ பக்கம் இறங்கும் சரிவு எப்படி என்று அந்த வழியாக லோரி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும். அங்கே பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க மறுக்கிறது. என் மனைவி, "என்னங்க, பின்னாலேருந்து யாரோ தள்ளுற மாதிரி இருக்கு" என்றாள். உண்மையில் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. வண்டியும் கேரவனும் சேர்ந்து நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு, அத்தனையையும் பிக்கப்பின் பிரேக் மட்டுமே பிடிக்கிறது. கியரைக் குறைத்து, அவசர விளக்கைப் போட்டு, இடதுபுறமாகவே ஊர்ந்து இறங்கி ஓரங்கட்டினேன். இறங்கும்போதே பிரேக் கருகிய வாடை. முன் சக்கரங்களின் பக்கம் கை வைக்க முடியவில்லை. கேரவன் சக்கரங்களோ குளிர்ந்து கிடந்தன. அதுவே போதும், அதன் பிரேக் ஒருமுறைகூடப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள.

வீடு திரும்பியதும் புக்கிட் மெர்தாஜாமில் டிரெய்லர் வேலையிலேயே தலை நரைத்த ஒரு சீனத் தவுக்கேயிடம் (கடை முதலாளி) கொண்டு போனேன். அவர் டாஷ்போர்டைக் கழற்றினார். எலக்ட்ரிக் பிரேக் கண்ட்ரோலரிலிருந்து வழக்கமாக நாலு வயர் வரும். கறுப்பு பேட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு, சிவப்பு பிரேக் லைட் சுவிட்சுக்கு. நீலம்தான் பின்னால் போய் டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் கொடுப்பது. என் வண்டியில் அந்த நீல வயரை அரைச் சாண் நீளத்தில் வெட்டி, நுனியில் டேப் சுற்றி, உள்ளே திணித்திருந்தார்கள். பின்னால் வரைக்கும் வயர் இழுப்பது நேரம் பிடிக்கிற வேலை, அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பெட்டிக்குக் கரண்ட் வருவதால் பச்சை விளக்கு மட்டும் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. மறந்துபோனது என்றால் ஒப்புக்கொள்வேன். மறந்தவன் டேப் சுற்றுவானா?

அப்புறம் பார். தகட்டில் இருந்த மாடல் எண் வேறு ஒரு வண்டிக்கான பாருடையது. எங்கிருந்தோ கழற்றிய தகட்டை, பட்டறையில் வெல்டிங் செய்த பாரில் ரிவிட் அடித்திருக்கிறார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகள் அந்தப் பாருக்குப் பொருந்தவில்லை, கேஸ் கட்டரால் துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சூடு பட்ட இடத்தில் இரும்பு தன் பலத்தை இழக்கும், வெட்டின ஓரத்திலிருந்து விரிசலும் விடலாம். போல்ட் தலையில் 8.8 என்றோ வேறு எந்தத் தர எண்ணோ இல்லை, மொட்டையாக இருந்தது. தவுக்கே ஒன்றும் பேசவில்லை, படம் எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினார்.

பந்துதான் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. என் கேரவனின் கப்ளிங், அதாவது பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டும் பகுதி, 50 மில்லிமீட்டர் பந்துக்கானது. அவர்கள் போட்டது 1⅞ அங்குலம், அதாவது சுமார் 47.6 மில்லிமீட்டர். கிரீஸை அப்பி, அவர்களே மாட்டியும் கொடுத்தார்கள். மேலோட்டமாகப் பூட்டிக்கொள்ளும், ஆனால் ஒரு நல்ல மேடு பள்ளத்தில் கப்ளிங் பந்தைவிட்டு எகிற இடம் உண்டு. அளவு பந்தின் தலையிலேயே பொறித்திருக்கும், கிரீஸைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். பாதுகாப்புச் சங்கிலியையும் ஒற்றையாகத்தான் போட்டிருந்தார்கள். இரண்டு சங்கிலி, கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். சிக்னல் விளக்கு இடம் வலமாக மாறி எரிந்ததை எல்லாம் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பிரேக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. கடைக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஆள் நடமாட்டமில்லாத காலி இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். கால் பிரேக்கைத் தொடாமல், கண்ட்ரோலரில் இருக்கும் கைப்பிடியை மட்டும் தள்ளுங்கள். டிரெய்லர் தனியாகவே வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். அது நடக்காவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பந்தின் மேல் அமரும் எடையையும் கேளுங்கள். பொதுவாக டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு. அது ரொம்பக் குறைந்தால் வேகத்தில் கேரவன் வாலாட்ட ஆரம்பிக்கும். இதைக் கேட்டதற்கு என் ஆள், "அதெல்லாம் வெள்ளைக்காரன் பார்க்குறது அண்ணே" என்று சிரித்தார்.

"ஜேபிஜே விஷயத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றும் சொன்னார் (ஜேபிஜே என்பது சாலைப் போக்குவரத்து இலாகா). காகிதம் ஒன்றும் வரவில்லை. பார் பொருத்தவும் கேரவனைப் பதியவும் என்ன தேவை என்பதைச் செபராங் ஜெயா ஜேபிஜேயில் நீங்களே நேரில் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி அவர்கள் கிளெய்மை மறுக்க வாய்ப்பிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில், "நீங்க ஓவர்லோட் பண்ணியிருப்பீங்க" என்றார். வெட்டிய நீல வயரின் படத்தை அனுப்பினேன். அதன் பிறகு குரலே மாறிவிட்டது. "பாதியைத் தர்றேன், இதோட விட்டுருங்க அண்ணே, நமக்குள்ள என்ன கேஸு." ரசீதைப் பார்த்தால் "உதிரிப் பாகம், கூலி" என்று ஒரே வரி, கையெழுத்தில். எழுத்தில் ஒன்றும் இல்லை என்ற தைரியம் அவருக்கு. ஆனால் 3,500 கிலோ என்று அவர் வாக்குக் கொடுத்த வாட்சாப் செய்தி அப்படியே என்னிடம் இருக்கிறது.

டிரிபியூனல் பற்றித் தெரியாதவர்களுக்கு: 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். செய்யும் வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. படிவம் நிரப்பத் தடுமாறினால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேட்டுப் பாருங்கள். நான் முழுப் பணத்தோடு சேஸிஸ் பழுதுபார்த்த செலவையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

இப்போது கடைக்காரர் புது யோசனை சொல்கிறார்: "அந்தப் பாரை மட்டும் கொண்டு வாங்கண்ணே, வேற ஒண்ணு மாத்தித் தர்றேன்." இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், பாரையும் தகட்டையும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். டிரிபியூனலில் காட்ட நம்மிடம் இருக்கும் பொருள் அதுதான்.